அமெரிக்காவுக்குச் சடை பின்னியது

எனக்கும் அமெரிக்காவுக்கும் எந்தப் பகையும் இல்லீங்க. அதை மொதல்லயே சொல்லிப்போடறேன். நான் அங்க போனதில்லை. சொந்தக்காரங்க யாரும் அங்க இல்லை. எம் மச்சினன் பையன் ஒருத்தன் விசா கேட்டுக் கெடைக்காம துபாய் போயிட்டான், அவ்வளவுதான் சம்பந்தம். அப்படி இருந்தும் இருபத்திரண்டு வருச சர்வீஸ்ல நான் வாங்குன ஒரே மெமோ அமெரிக்காவால வந்ததுங்க.

நீங்க கோயமுத்தூர் வரைக்குந்தானுங்களே? அப்பச் சரி. பல்லடத்துல கூட்டம் ஏறிட்டா பேச முடியாது. அந்தப் பையை மடியில வெச்சுக்குங்க, காலை நல்லா நீட்டிக்கலாம்.

நான் ஹிஸ்டரி டிபார்ட்மென்ட் ஹெட்டுங்க. வைஸ் பிரின்சிபாலும் நாந்தான். காலேஜ் பேரு வேண்டாமுங்க, எதுக்கு வம்பு. தனியார் காலேஜ். கரஸ்பாண்டென்ட் சென்னியப்ப ஐயா. தங்கமான மனுசருங்க. கோபம் வந்தா கையில இருக்கறதை எறிவாரு, ஆனா ஆள் மேல எறிய மாட்டாரு.

ஐயாவுக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை. எங்க காலேஜுக்குத் தன்னாட்சி வாங்கணும்னு. தன்னாட்சின்னா வேற ஒண்ணுமில்லீங்க, கேள்வித்தாள் எடுக்கறதும் நாமளே, திருத்தறதும் நாமளே, பாஸ் போடறதும் நாமளே. அதுக்கு யுனிவர்சிட்டியில இருந்து மூணு பேர் கமிட்டி வந்து பாப்பாங்க. வந்தா, 'மாணவர் குழு ஆய்வு'ன்னு ஒண்ணு காட்டணும். பசங்களே சேந்து ஆராய்ச்சி பண்ணி, முப்பது பேனல் எழுதி, ஹால்ல மாட்டி வெக்கணும். ரூல்ஸ்ல இருக்குது. ஐயா என்னைக் கூப்பிட்டாரு.

"ஹிஸ்டரிதான் செலவில்லாத டிபார்ட்மென்ட்டு. நீயே பண்ணிருப்பா. ஒரு கண்டிசன். யாரும் நம்மளை ஒரு வார்த்தை கேக்கக் கூடாது" ன்னாரு.

தலைப்புலதானுங்க எல்லாமே இருக்குது. சோழன்னு குடுத்தா, சோழன் எங்காளுன்னு நாலு சங்கத்துக்காரங்க வந்து கேட்டுல நிப்பாங்க. சுதந்திரப் போராட்டம்னா யார் போட்டோ மேல, யார் போட்டோ கீழங்கற பிரச்சினை. நம்ம வட்டார வரலாறு குடுத்தா சொல்லவே வேண்டாம், நீங்க இந்த பஸ்ஸுல இப்பப் போக முடியாது. நான் என்ன பண்ணுனேன்? எம் பையனோட உலக உருண்டையை எடுத்தேன். நம்மூர் மேல வெரலை வெச்சேன். அப்படியே சுத்தி, அந்தப் பக்கம் என்ன வருதுன்னு பாத்தேன். தூரம் மட்டும் பத்தாதுன்னு நூறு வருசம் பின்னாலயும் போனேன். 'இரண்டு உலகப் போர்களுக்கு இடையே அமெரிக்க மக்களின் வாழ்க்கை, 1919 முதல் 1939 வரை.' அங்க நம்மாளுக யாரும் கெடையாது. இருந்தவங்களும் பெரும்பாலும் செத்துட்டாங்க. இதைவிடப் பாதுகாப்பா ஒரு தலைப்பு இருக்குமுங்களா? நீங்களே சொல்லுங்க.

தேர்ட் இயர்ல அஞ்சு பேரைப் போட்டேன். செவ்வந்தின்னு ஒரு புள்ள, படிப்புல மொதலாவது, அதனால அதைத் தலைவி ஆக்குனேன். நான் அதெல்லாம் பாக்கறவன் இல்லீங்க. அது எங்க காலேஜ்ல கூட்டற மாராத்தாளோட மக. இருந்தாலும் நாந்தான் போட்டேன். பர்வீன்னு ஒரு அம்மிணி, நல்லாப் படம் வரையும். நவநீதன்னு ஒரு தம்பி, அவனுக்கு எதைச் சொன்னாலும் ஏன்னு கேக்கற வியாதி. மத்த ரெண்டு பேரு எழுத்து அழகா இருக்குதுன்னு சேத்தது.

நான் என்னங்க நெனச்சேன், நெட்டுல நாலு பக்கம் எடுத்து, நாலு கலர் பேனா வாங்கி ஒரு வாரத்துல முடிச்சுருவாங்கன்னு. அதுக என்னடான்னா, ரெண்டு மாசம் சனிக்கிழமை சனிக்கிழமை கோயமுத்தூர் போயி லைப்ரரியில உக்காந்துருக்குதுக. பழைய பேப்பரு, அந்தக் காலத்துக் கடுதாசி, அங்கத்த விவசாயிக சொன்னது, எல்லாத்தையும் டிக்சனரி வெச்சுத் தமிழ்ல எழுதிட்டு வந்துதுக. நான் போகச் சொல்லலைங்க. முப்பது பேனலுக்கு நூத்திப் பன்னெண்டு பக்கம். எம் மேஜை மேல கொண்டாந்து வெச்சு, அஞ்சும் வரிசையா நின்னு என் மூஞ்சியவே பாக்குதுக.

நான் படிக்க ஆரம்பிச்சேன். நாலாவது பேனலுக்கு வந்ததும் எனக்கு வேர்த்துருச்சு.

மதுவிலக்குங்க. அமெரிக்காவுல ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி இருபதுல சாராயத்தை அடியோட தடை பண்ணிட்டாங்களாமா. பதிமூணு வருசம். அந்தப் பதிமூணு வருசமும் ஊரே ஒளிஞ்சு குடிச்சுருக்குது. போலீஸ்காரனே காவல் நின்னுருக்கான். எல்லாம் எழுதிருக்குதுக. தப்பில்லை. வரலாறு. ஆனா பாருங்க, எங்க காலேஜ் கேட்டுக்கு நேர் எதிர்ல ஒரு பார் இருக்குது. கட்டடம் யாருது? ஐயாவோட மச்சினருது. நவநீதனை மட்டும் கூப்பிட்டேன்.

"கண்ணு, இதுல மதுங்கற வார்த்தை வேண்டாம்."

"சார், மதுவிலக்கைப் பத்தி மது இல்லாம எப்படிங்க சார் எழுதறது?"

"விலக்குன்னு எழுது."

"எதை விலக்குனாங்கன்னு கேப்பாங்களே சார்?"

"ஒரு பானம்னு எழுது."

எழுதுனான். 'அமெரிக்காவில் 1920ஆம் ஆண்டு ஒரு பானம் விலக்கப்பட்டது. மக்கள் அதை மறைவாகப் பருகினர். போலீசாரும் பருகினர்.' படிச்சா ஏதோ ரோஸ்மில்க்கைத் தடை பண்ணுன மாதிரி இருந்துச்சு. போலீஸையும் எடுக்கச் சொன்னேன். அப்புறம் யோசிச்சுப் பேனலையே எடுக்கச் சொன்னேன். சும்மா வாயில சொல்லலைங்க. நான் எதையும் முறையாப் பண்றவன். குழு ஆய்வுல வழிகாட்டி சொல்ற ஒவ்வொரு திருத்தமும் எழுத்துல இருக்கணும்னு ரூல்ஸ். அதனால மஞ்சச் சீட்டு ஒரு கட்டு வாங்கி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் சிவப்பு மையில காரணம் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு ஒட்டிக் குடுத்தேன். எத்தனை புரொபசர் அப்படிப் பண்றாங்க, விசாரிச்சுப் பாருங்க.

ஒம்பதாவது பேனல் பொம்பளைக. அந்தக் காலத்துலதான் அவங்களுக்கு ஓட்டு வந்துச்சாமா. ஓட்டு வந்ததும் முடியைக் கழுத்தோட வெட்டிட்டு, முட்டி வரைக்கும் கவுன் போட்டுட்டு, ஆபீஸ் வேலைக்குப் போயிருக்காங்க. பர்வீன் ஒருத்தியை வரைஞ்சிருந்துச்சு. சும்மா சொல்லக் கூடாது, உசுரோட நிக்கற மாதிரி இருந்துச்சு. இடுப்புல கை வெச்சுட்டு நம்மளையே பாக்கறா. எங்க காலேஜ்ல பொண்ணுக ரெட்டைச் சடை போடணும், துப்பட்டா ரெண்டு பக்கமும் பின் குத்தணும். ஐயாவோட வீட்டம்மா தினமும் கேட்டுல நின்னு பாப்பாங்க. அவங்க இந்தப் படத்தைப் பாத்தா?

"அம்மிணி, இந்தப் பொண்ணுக்குச் சடை போட்டுரு."

"சார், வெட்டுன முடிக்குச் சடை எங்கிருந்துங்க சார் வரும்?"

"சவுரி வெச்சுக்கோ."

அந்த அம்மிணி என்னை ஒரு நிமிசம் பாத்துது. அப்புறம் போயி வரைஞ்சுட்டு வந்துச்சு. கவுன் போட்ட வெள்ளைக்காரி, ரெட்டைச் சடை, ரிப்பன். அதைப் பாத்தா வேற மாதிரி பயமா இருந்துச்சுங்க. அதையும் எடுத்துரச் சொல்லிட்டேன்.

அப்புறம் சரசரன்னு போச்சு. 1930க்கு மேல அங்க பெரிய புழுதிப் புயலாமா, வயலெல்லாம் மண்ணடிச்சு, சனங்க மூட்டை கட்டிட்டு ஊரை விட்டுப் போயிருக்காங்க. எங்க காலேஜுக்குப் பின்னால ஐயாவோட மருமகன் கல் கிரஷர் வெச்சிருக்காருங்க. மத்தியானம் ஆனா சோத்துல புழுதி விழும். எடுத்துட்டேன். வேலையில்லாதவங்க ஒரு கரண்டி சூப்புக்கு வரிசையில நிக்கற படம் ஒண்ணு, தட்டை நீட்டிட்டு. அப்படியே எங்க ஹாஸ்டல் மெஸ். அந்த சூப்பு கூட எங்க சாம்பார் நெறத்துல இருந்துச்சு. எடுத்துட்டேன். பங்குச் சந்தை விழுந்தது, பேங்கு மூடுனது, ஆலைத் தொழிலாளிக ஸ்ட்ரைக் பண்ணுனது, எல்லாம் எடுத்தேன். எதை எடுத்தாலும் எங்கயோ ஒரு மூலையில நம்ம காலேஜ் வந்து நிக்குது. அந்தப் புள்ளைக நம்மளைப் பத்தி ஒரு எழுத்து எழுதலைங்க. அதைச் சொல்லோணும். எல்லாம் நாந்தான் கண்டுபுடிச்சேன்.

பதினேழாவது பேனல்தானுங்க வில்லங்கம்.

அது செவ்வந்தி எழுதுனது. படம் பர்வீன் வரைஞ்சது. செவுத்துல ரெண்டு தண்ணிக் குழாய். ஒண்ணு பெருசா, பளபளன்னு, வெள்ளைப் பீங்கான் தொட்டியோட. பக்கத்துலயே இன்னொண்ணு, சின்னதா, வளைஞ்சு. மேல போர்டு. ஒண்ணு வெள்ளைக்காரங்களுக்கு, ஒண்ணு கறுப்பு ஜனங்களுக்கு. தெற்குப் பக்கத்து மாநிலங்கள்ல அப்படி வெச்சிருந்தாங்களாமா. கீழ ரெண்டே வரிதான் எழுதிருந்துச்சு. 'இரண்டு குழாய்கள். இரண்டுக்கும் தண்ணீர் ஒரே பைப்பில்தான் வந்தது.'

படிச்சதும் எனக்கு ஏனோ எங்க ஸ்டாஃப் ரூம் டீ ஞாபகம் வந்துருச்சு.

வேற ஒண்ணுமில்லீங்க. பதினோரு மணிக்கு கேன்ல டீ வரும். எங்களுக்கு, ஆபீஸ் ஆளுகளுக்கு, பஸ் டிரைவருக்குக்கூட எவர்சில்வர் டம்ளர். கூட்டறவங்க நாலு பேருக்கு பேப்பர் கப். வாங்கிட்டுப் பின்னால தண்ணித் தொட்டிகிட்டப் போயி குடிப்பாங்க. அது சுத்தத்துக்காகப் பண்ணுன ஏற்பாடு. அவங்க சுத்தத்துக்குத்தான். நாங்க குடிச்ச டம்ளர்ல அவங்க குடிச்சு ஏதாச்சும் வந்துட்டா யார் பொறுப்பு? பாக்கப்போனா பேப்பர் கப்புதான் செலவு ஜாஸ்தி. அதைக்கூட ஐயா பெருந்தன்மையாக் குடுத்துட்டிருந்தாரு.

சீட்டு எழுதி ஒட்டுனேன். அடுத்த நாள் செவ்வந்தி வந்து நின்னுச்சு.

"சார், பதினேழு மட்டும் இருக்கட்டுங்க சார்."

"வேண்டாம் புள்ள."

"அது அமெரிக்காதானுங்க சார்."

"எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏனுங்க சார்?"

நான் கோபமே படலைங்க. உக்காந்த எடத்துல இருந்து, தன்மையா, "உங்கம்மா நல்லாருக்காளா புள்ள? இன்னும் டெம்பரவரிதானா? வர்ற ஜூன்ல ரினிவல் இருக்குதல்ல?" ன்னு கேட்டேன். அக்கறையாத்தான் கேட்டேன். எத்தனை வருசமா நம்ம காலேஜ்ல கூட்டறவ. நாம விசாரிக்காம யார் விசாரிக்கறது?

அந்தப் புள்ள மேஜை மேல இருந்த படத்தை எடுத்து, நாலா மடிச்சு, நோட்டுக்குள்ள வெச்சுட்டுப் போயிருச்சு. பதினேழு போச்சு. சீட்டுல 'நீக்கவும்'னு எழுதுனது ரூல்ஸுக்காக. வாயால நான் ஒரு வார்த்தை வற்புறுத்தலைங்க. அதுவாவே எடுத்துக்கிச்சு.

கடைசியில மிஞ்சுனது ஒம்பது பேனல். அமெரிக்காக்காரங்க ரேடியோ கேட்டாங்க. கார் வாங்குனாங்க. ஐஸ் பெட்டி வாங்குனாங்க. சினிமா பாத்தாங்க. மறுபடி ரேடியோ கேட்டாங்க. படிக்கறதுக்கு அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு. ஆனா அப்ளிகேசன்ல முப்பது பேனல்னு எழுதிக் குடுத்தாச்சு. முப்பது இல்லைன்னா கமிட்டி கேக்கும். கமிட்டி வர்ற அன்னைக்குக் காலையில நான் கேட்டுல நிக்கறேன், பன்னீர் வரலை, பொன்னாடை ஒண்ணு குறையுது, சமையக்காரன் வேற போன்ல கத்தறான். அப்பப் பாத்து நவநீதன் ஓடியாறான்.

"சார், மீதி இருபத்தொண்ணுக்கு என்னங்க சார் வெக்கறது?"

"ரூல்ஸ்ல என்ன இருக்குதோ அதைப் பாத்து வைடா சாமி!" ன்னனுங்க.

அவன் ரூல்ஸைப் பாத்துட்டான். நாலாவது பக்கம், பி பிரிவு. 'வழிகாட்டியின் குறிப்புகள் ஆய்வுடன் காட்சிப்படுத்தப்பட வேண்டும்.'

கமிட்டியில மூணு பேருங்க. ரெண்டு ஆம்பளைக கம்ப்யூட்டர் லேப்புக்குப் போயி ஏ.சி.க்கு அடியில உக்காந்துட்டாங்க. மூணாவது, தெக்கத்திப் பக்கத்துல இருந்து வந்த ஒரு அம்மா, பேராசிரியர் இன்னாசியம்மாள். ரிட்டயர் ஆகற வயசு. பருத்திச் சேலை, தடிக் கண்ணாடி. "பிள்ளைகள் செஞ்சதை முதல்ல பாப்போம்" னு நேரா ஹாலுக்கு வந்துட்டாங்க. பின்னால ஐயா பொன்னாடையோட. அதுக்குப் பின்னால நான்.

உள்ள போனா முப்பது பேனலும் இருக்குது. ஒம்பதுல ரேடியோ, காரு. மத்த இருபத்தொண்ணும் வெள்ளை வெளேர்னு வெறும் சார்ட்டு. மேல நம்பர் மட்டும். நட்டநடுவுல என்னோட மஞ்சச் சீட்டு. சிவப்பு மையி. தேதி, கையெழுத்தோட.

அந்தம்மா கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு நாலாம் நம்பர்கிட்டப் போனாங்க. சத்தமாப் படிச்சாங்க.

"'மது வேண்டாம். எதிரில் உள்ள பார் கட்டடம் ஐயா மச்சினருடையது.'"

ஐயா என்னைப் பாத்தாரு. அந்தம்மா ஒம்பதுக்குப் போனாங்க.

"'முடியைக் காட்டக் கூடாது. சடை போடவும். முடியாவிட்டால் சவுரி.' கீழ இன்னொரு சீட்டு இருக்கே. 'சவுரியும் சரியாக வரவில்லை. பெண்ணையே நீக்கவும்.'"

ஐயா மெதுவாப் போயி பன்னெண்டாம் நம்பருக்கு முன்னால முதுகைக் காட்டிட்டு நின்னுக்கிட்டாரு. நல்ல ஆகிருதி, ஒரு சார்ட்டு முழுசா மறைஞ்சுருச்சு. ஆனா மனுசன் ஒருத்தர் எத்தனை சார்ட்டை மறைப்பாரு? அந்தம்மா அவரைச் சுத்திட்டுப் பதிமூணுக்குப் போயிட்டாங்க. "'சூப்பு வரிசை நம் மெஸ் போல உள்ளது. நீக்கவும்.'" ஸ்டூடன்ட்ஸ் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம். பதினேழுகிட்ட வந்ததும் அவங்க சத்தமாப் படிக்கலை. வாய்க்குள்ளயே படிச்சாங்க. ரெண்டு தடவை படிச்சாங்க. அப்புறந்தான் திரும்பி, "இந்தப் பேனலை எழுதினது யாரும்மா?" ன்னாங்க.

செவ்வந்தி முன்னால வந்துச்சு. "நானுங்க மேடம்."

"என்ன எழுதியிருந்த?"

"ரெண்டு குழாயைப் பத்திங்க மேடம்."

"ஸ்டாஃப் ரூம் டம்ளர் மாதிரி இருக்குதுன்னு போட்டிருக்கே. நீ டம்ளரைப் பத்தி எழுதினியா?"

"இல்லீங்க மேடம். அது சார் எழுதுனதுங்க."

"நீக்கச் சொல்லிச் சீட்டு ஒட்டினதும் எடுத்துட்டியாக்கும்?"

"சீட்டுக்காக எடுக்கலைங்க மேடம். எங்கம்மா நல்லாருக்காங்களான்னு சார் கேட்டாருங்க. அதனால எடுத்துட்டனுங்க."

எனக்கு உண்மையாலுமே மனசு குளுந்து போச்சுங்க. பாருங்க, நாம ஏதோ போற போக்குல ஒரு வார்த்தை விசாரிக்கறோம், அதை அந்தப் புள்ள ஞாபகம் வெச்சு, பெரிய மனுசங்க முன்னால சொல்லுது. நான் சிரிச்சுட்டே அந்தம்மாவைப் பாத்தேன். அவங்க சிரிக்கலை. சுத்தி மாட்டியிருந்த சீட்டையெல்லாம் காட்டி, "சார், இந்தச் சீட்டு எல்லாமே உங்க கையெழுத்துதானே?" ன்னாங்க. ஆமாங்க மேடம்னேன். "முப்பது வருசமா எத்தனையோ காலேஜுக்குப் போயிருக்கேன். ஒரு காலேஜைப் பத்தி இவ்வளவு நேர்மையா யாரும் எழுதி மாட்டி வெச்சுப் பாத்ததில்லை" ன்னாங்க.

நான் நன்றிங்க மேடம்னு கும்பிட்டேன். ஐயா கையில இருந்த பொன்னாடையை எறிஞ்சாரு. ஆள் மேல எறியலை.

அதுக்கப்புறந்தான் மெமோ. 'கல்லூரியின் உள் விவகாரங்களை எழுத்துமூலம், தேதியிட்டு, கையொப்பமிட்டு வெளிப்படுத்தியமை.' தன்னாட்சி ஒரு வருசம் தள்ளிப் போச்சு. வாயில சொல்லிருந்தா ஒண்ணுமில்லை, எழுதுனதுதான் தப்புன்னு ஐயா சொன்னாரு. முறையா வேலை செய்யறவனுக்கு இந்த நாட்டுல இதுதானுங்க.

இன்னொரு கூத்து, அந்தம்மா போறப்ப, எடுத்ததெல்லாம் எங்க இருக்குதுன்னு கேட்டிருக்காங்க. நவநீதன் நூத்திப் பன்னெண்டு பக்கத்தையும் போன்ல போட்டோ எடுத்து வெச்சிருந்தானாமா. பர்வீன் மொதல்ல வரைஞ்ச படத்தையெல்லாம் பத்திரமா வெச்சிருந்துச்சாமா. இன்னைக்கு கோயமுத்தூர்ல அந்தம்மா நடத்தற கருத்தரங்கம், அஞ்சு பேரும் அங்க அதையெல்லாம் மேடையில படிக்கப் போறாங்க. அழைப்பிதழ்ல வழிகாட்டின்னு என் பேரு போட்டிருக்குது, எழுத்துப்பிழை இல்லாம. அதுக்குத்தான் போயிட்டிருக்கேன். சந்தோசந்தான். இல்லைன்னு சொல்லலை.

ஆனா என் மனசைப் புண்படுத்துனது மெமோ இல்லீங்க. அதைத்தான் உங்ககிட்டச் சொல்ல வந்தேன்.

கமிட்டி ரிப்போர்ட்ல ஒரு கேள்வி கேட்டிருந்தாங்க. தேநீர் வழங்கறதுல ஏதாச்சும் பாகுபாடு இருக்குதா, விளக்கம் தருகன்னு. ஐயா ஒரே நாள்ல முடிவு பண்ணிட்டாரு. மாராத்தாளுக்கு ரினிவலும் போட்டாச்சு, இல்லைன்னா அதுக்கு வேற விளக்கம் கேப்பாங்க. "அவளை ஸ்டாஃப் ரூம்ல சேர்ல உக்கார வெச்சு, எவர்சில்வர் டம்ளர்ல டீ குடுத்து, போட்டோ எடுத்து அனுப்பு. நீதானே எழுதுன, நீயே குடு" ன்னாரு.

சரின்னு ஏற்பாடு பண்ணுனேன். போட்டோகிராபர் வந்தாச்சு. ஸ்டாஃப் எல்லாம் நல்ல சட்டை போட்டுட்டுச் சுத்தி நின்னாச்சு. புது டம்ளரே வாங்குனேனுங்க, என் கைக்காசு. மாராத்தா அப்பத்தான் ஆடிட்டோரியம் கூட்டிட்டு இருந்தா. கூப்பிட்டு விட்டோம். வந்தா. சேர்ல உக்காருன்னேன். கொஞ்சம் யோசிச்சுட்டு உக்காந்தா, நுனியில. நான் என் கையாலயே கேன்ல இருந்து புடிச்சு, ஆத்தி, டம்ளரை நீட்டுனேன். இருபத்திரண்டு வருசத்துல நான் எம் பொண்டாட்டிக்குக்கூட டீ ஆத்திக் குடுத்ததில்லை.

அவ டம்ளரைப் பாத்தா. சுத்தி நிக்கற எங்களையெல்லாம் பாத்தா. போட்டோகிராபரைப் பாத்தா.

"வேண்டாங்க சார். எம்புள்ள காலையிலயே போட்டுக் குடுத்துருச்சு" ன்னா.

எப்பவும் 'சாமி'ன்னு கூப்பிடறவ, அன்னைக்கு 'சார்'ங்கறா. கவனிங்க.

"ஒரு வாய் குடி மாராத்தா, போட்டோவுக்குத்தான்" னேன்.

"போட்டோவுக்கு எதுக்குங்க சார் டீ?" ன்னுட்டு எந்திரிச்சா. சேலைத் தலைப்பால அந்தச் சேரைத் தொடச்சு விட்டா. விளக்கமாத்தை எடுத்துட்டுப் போயிட்டா. மரியாதைக் குறைவா ஒரு வார்த்தை பேசலைங்க, அதான் என்ன பண்றதுன்னே தெரியலை. அந்தப் போட்டோகிராபர் வேற அவசரக்குடுக்கை, பட்டுனு அமுக்கிட்டான். நான் பல்லைக் காட்டிட்டு டம்ளரை நீட்டிட்டு இருக்கேன், எதிர்ல காலிச் சேரு. அந்தப் போட்டோவைத்தான் யுனிவர்சிட்டிக்கு அனுப்புனோம். வேற ஒண்ணும் இல்லை அனுப்பறதுக்கு.

டம்ளரை மேஜை மேல வெச்சேன். டீ அப்படியே ஆறிப் போச்சு. அன்னைக்கு யாரும் அதைத் தொடலை. அடுத்த நாளும் தொடலை. எங்க டம்ளரெல்லாம் வழக்கமா மாராத்தாதான் கழுவுவா. இதை மட்டும் கழுவுன்னு அவகிட்டச் சொல்லறதுக்கு யாருக்கும் வாய் வரலை. அவ தினமும் மத்த டம்ளரையெல்லாம் எடுத்துட்டுப் போயி, கழுவி, கவுத்தி வெச்சுட்டுப் போறா, இதைச் சுத்தி மேஜையைத் தொடைக்கறா. மூணாவது நாள் மேல ஆடை கட்டிருச்சு. எறும்பு வந்துருச்சு. பாட்டனி சார் மூக்கைப் பொத்திக்கறாரு. எல்லாரும் டம்ளரைப் பாத்துட்டு என்னையே பாக்கறாங்க.

எனக்குப் புரியவே இல்லீங்க. நீங்க வெளியாளு, நீங்களே நியாயம் சொல்லுங்க. யாருமே வாய் வெக்காத டம்ளரை நான் எதுக்குங்க கழுவணும்?